கையெழுத்து தெரிந்துவிடும் ஊரில்

போர்ட் பிளேரைச் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களை அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள்: புரூக்ஷாபாத், ஆஸ்டினாபாத், புரோத்ராபூர். முன்பாதியில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர் ஒலிக்கும். பின்பாதி, வட இந்தியாவில் ஊர்களுக்குப் போடும் ஒட்டு. 1858இல் தண்டனைக் குடியேற்றம் தொடங்கிய பிறகு, தண்டனையில் ஒரு பகுதியைக் கழித்த கைதிகளுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். அப்படிக் காடு வெட்டித் திருத்திய நிலத்தில் எழுந்தவைதான் தென் அந்தமானின் பழைய கிராமங்கள். வெட்டியவர்களின் பெயர் இந்த ஊர்களுக்கு வைக்கப்படவில்லை. அவர்கள் கழுத்தில் ஒரு மரத்துண்டு தொங்கியது. அதில் கைதி எண்ணும் தண்டனைச் சட்டப் பிரிவும் தண்டனைத் தேதியும் செதுக்கப்பட்டிருக்கும்.

புரோத்ராபூரில் இன்று மாவட்டச் சிறை இருக்கிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில், புரூக்ஷாபாத்தில், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் அந்தமான் வளாகம். கடல் உயிரியல், கடலோரப் பேரிடர் மேலாண்மை போன்ற படிப்புகளுக்காக வந்த மாணவர்கள் அங்கே இருக்கிறார்கள். (2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். தீவுக்காரர்களின் வாய்ப்பழக்கத்தை ஒட்டி நான் பழைய பெயரையே எழுதுகிறேன்.) பெயரை எடுத்துவிட்டு எண்ணைக் கழுத்தில் கட்டிய மண்ணில் ஒரு பல்கலைக்கழக வளாகம் இருக்கும்போது, அங்கே ஒருவரை இன்னொருவர் எப்படிக் கூப்பிடுகிறார் என்ற கேள்வி எனக்குச் சின்னதாகத் தோன்றவில்லை.

தமிழில் இதைப் பேசும்போது முதலில் சொல்லே தடுக்கிறது. 'மரியாதை' என்கிறோம். அது நம் பழக்கத்தில் பெரும்பாலும் கீழிருந்து மேலே போவது. 'மரியாதையாப் பேசு' என்று பெரியவர் சின்னவரிடம் சொல்வார். சின்னவர் திருப்பிச் சொன்னால் அது திமிர். கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் வெட்டுக்குத்து நடந்த ஊர்கள் உண்டு. அங்கே மரியாதை என்பது சாதியின் படிக்கட்டு. எனவே 'பரஸ்பர மரியாதை' என்று சுற்றறிக்கையில் எழுதினால் அது காதில் ஏறுவதே இல்லை. 'கண்ணியம்' என்ற சொல் இதைவிடப் பொருந்தும். அது கொடுத்து வாங்குவதல்ல, ஒருவரிடம் ஏற்கெனவே இருப்பது. மற்றவர்கள் அதைத் தொடாமல் இருந்தால் போதும்.

ஒரு வளாகத்தில் கண்ணியம் இருக்கிறதா என்பதை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். அங்கே ஆகக் கீழே நிற்பவர் 'முடியாது' என்று சொல்லிவிட்டு, மறுநாளும் அதே இடத்தில் இருக்க முடிகிறதா? சுவரொட்டிகளும் உறுதிமொழிகளும் குழுக்களும் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் வருகின்றன.

நம் சட்டங்கள் இந்தக் கேள்விக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பது சிதம்பரத்தில் தொடங்கும் துயரமான கதை. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்த நாவரசு, ராகிங் செய்த மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவரின் மகன் அவர். 1998இல் கடலூர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2001இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது. ஒரு தாய் தகப்பன் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றத்தைப் பார்த்திருந்தார்கள். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே இதுதான் நடந்தது என்றால், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அதுவரை என்னென்ன நடந்து வெளியே வராமல் போயிருக்கும் என்று அப்போது பலர் கேட்டார்கள். இன்றும் கேட்க வேண்டிய கேள்வி அது.

அதன் விளைவாக வந்ததுதான் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம். இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைமையைக் குற்றத்துக்கு உடந்தையாகவே கருதியது அந்தச் சட்டம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் வரையறை. உடலுக்குத் தீங்கு என்பதோடு நிற்காமல் அச்சத்தையும் வெட்கத்தையும் சங்கடத்தையும் சேர்த்துக்கொண்டது. ஒரு மாணவர் இயல்பாகத் தாமே விரும்பிச் செய்யமாட்டாத ஒன்றைச் செய்யச் சொல்வதையும் ராகிங் என்றது. 'தாமே விரும்பி' என்ற அந்த எல்லைக்கோட்டை இழுத்ததற்காகவே அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன்.

கடலுக்கு அந்தப் பக்கமும் அதே ஆண்டு அதே கதை. 1997இல் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் சேர்ந்த தமிழ் மாணவர் வரப்பிரகாஷ், மூத்தவர்கள் கட்டாயப்படுத்திச் செய்ய வைத்த கடும் உடற்பயிற்சிகளுக்குப் பின் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். 1998இல் இலங்கை நாடாளுமன்றம் ராகிங்கைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. ராகிங்குக்கு அங்குள்ள தமிழர்கள் வைத்த பெயர் 'பகிடிவதை'. பகிடி என்றால் விளையாட்டுக் கேலி. செய்பவருக்குப் பகிடி, படுபவருக்கு வதை. இரண்டு பேருடைய அனுபவமும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் நாம் 'ராகிங்' என்று இரவல் சொல்லோடு நின்றுவிட்டோம். அந்தச் சொல்லில் வதை கேட்பதில்லை. 'சும்மா ராகிங்தான்' என்று சொல்ல முடிகிறது. 'சும்மா பகிடிவதைதான்' என்று சொல்ல வாய் வருமா?

பிறகு நாடு முழுவதற்குமான விதிகள் வந்தன. சி.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் ஆர்.கே. ராகவன் தலைமையில் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவின்பேரில் அமைந்த குழு 2007இல் அறிக்கை தந்தது. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேச மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஒரு முதலாண்டு மாணவர் ராகிங்கில் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு ஜூனில் பல்கலைக்கழக மானியக் குழு தன் ராகிங் தடுப்பு விதிகளை அறிவித்தது. கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை, அந்தமான் உட்பட, சேர்க்கையின்போது மாணவரும் பெற்றோரும் இன்று தரும் உறுதிமொழிப் பத்திரம் அங்கிருந்து வந்தது. 2016இல் செய்த ஒரு திருத்தம் அதிகம் பேசப்படாதது. தீவுக்கு மிக நெருக்கமானது. நிறம், மதம், சாதி, பாலினம், தோற்றம் ஆகியவற்றோடு, எந்தப் பகுதியிலிருந்து வந்தவர், என்ன மொழி பேசுபவர், எங்கே பிறந்தவர், எங்கே குடியிருப்பவர், என்ன வசதி உள்ளவர் என்பதை வைத்து உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதும் ராகிங் என்றது அது.

மொழியும் பிறந்த இடமும் அந்தமானில் எப்படிப்பட்டவை என்று தெரிந்தால் இந்த வரியின் எடை புரியும். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள் தொகை 3,80,581. வங்காளம் பேசுவோர் நூற்றுக்கு 28 பேர், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13, நிக்கோபாரியும் மலையாளமும் ஏழெட்டுப் பேர். பெரும்பான்மை என்று எவருமில்லாத, இந்தியாவில் அபூர்வமான இடம். 'மினி இந்தியா' என்று தீவுக்காரர்கள் பெருமையாகச் சொல்வதில் உண்மை உண்டு. தண்டனைக் குடியேற்றத்தில் சாதி கடந்து நடந்த திருமணங்களின் வழிவந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்; சாதியை விசாரிக்காமலே கல்யாணம் பேசும் குடும்பங்கள் உண்டு. அது பெரிய விஷயம். மெயின்லாந்து அதைக் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் சாதி தளர்ந்த இடத்தில் வேறு அடுக்கு எழுந்திருக்கிறது: யார் எப்போது கப்பலில் வந்தார்கள் என்ற அடுக்கு. அந்தமானின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலைப் பாருங்கள். 1942க்கு முன் வந்தவர்களின் வழித்தோன்றல்கள், கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து குடியேற்றப்பட்ட வங்காளிகள், பாந்துகள், மாப்பிள்ளைகள், கரேன்கள். சாதிப் பெயரை விட, வந்த ஆண்டும் வந்த காரணமுமே பிரிவுகளாகியிருக்கின்றன. காடு வெட்டச் சோட்டா நாக்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆதிவாசிகள் எல்லோரும் 'ராஞ்சி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்கப்பட்டார்கள். முண்டாவும் ஒராவோனும் காடியாவும் தனித்தனிப் பெயர்களோடு இருந்தவர்கள். சொந்த மாநிலத்தில் பழங்குடி என்ற அங்கீகாரம். தீவில் அது இல்லை. அந்தமானில் அறிவிக்கப்பட்ட பழங்குடிகள் ஆறு: அந்தமானியர், ஜாரவா, நிக்கோபாரியர், ஓங்கி, சென்டினலியர், ஷோம்பென். பட்டியல் சாதியினர் என்று தீவுகளில் ஒரு சமூகம்கூட அறிவிக்கப்படவில்லை.

இந்தக் கடைசி விவரத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். விருதுநகரிலோ விழுப்புரத்திலோ பட்டியல் சாதியில் பிறந்து, தகப்பன் போர்ட் பிளேரில் கொத்து வேலைக்குப் போனதால் அங்கேயே வளர்ந்த ஒரு மாணவி, தீவு நிர்வாகத்தின் ஏட்டில் அந்த அடையாளத்தோடு இல்லை. ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் சொன்னது. ஆனால் அவளுடைய பெயரையும் அப்பாவின் ஊரையும் கேட்டே சாதியைக் கண்டுபிடித்துவிடும் சக தமிழர் அதே வகுப்பில் இருக்கலாம். ஏட்டில் இல்லாத சாதி பேச்சில் இருக்கும். 'இங்கே சாதியே கிடையாது' என்று எல்லோரும் நம்பும் இடத்தில், சாதியால் காயப்பட்டேன் என்று சொல்பவள்தான் சாதியைக் கொண்டுவந்தவள் ஆகிவிடுவாள்.

நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் சாதி வெறியில் வெட்டிய சம்பவத்துக்குப் பின் தமிழ்நாட்டில் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் வருகைப் பதிவேட்டின் சாதிக் கலம் வரை பேசியது. கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் அவை. தீவில் அடையாளம் நாக்கில் இருக்கிறது. 'மதராசி', 'ராஞ்சி', காட்டில் வாழும் மக்களைக் குறிக்கும் 'ஜங்லி'. இவை ஹாஸ்டலில் பட்டப்பெயராக விழும்போது யாருக்கும் அடிபடுவதில்லை. எவரும் மருத்துவமனைக்குப் போவதில்லை. 2016 திருத்தம் எழுதப்பட்டது இதற்காகத்தான்.

இனி இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். நம் விதிகள் எல்லாமே பெரிய வளாகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆயிரக்கணக்கான மாணவர்கள், நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள், ஒருவரை ஒருவர் தெரியாத கூட்டம். சிறிய வளாகத்தில் அவை எப்படி நடக்கும்?

2009 விதிகளில் அருமையான ஓர் ஏற்பாடு இருக்கிறது. சேர்ந்த முதல் மூன்று மாதத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, முதலாண்டு மாணவர்களிடம் பெயர் எழுதாமல் கருத்துக் கேட்க வேண்டும். இருநூறு பேர் உள்ள வகுப்பில் இது வேலை செய்யும். பதினைந்து பேர் உள்ள முதுகலை வகுப்பில்? இரண்டு வாரமாகச் செய்முறைக் குறிப்பேடுகளைத் திருத்தும் ஆசிரியருக்கு எல்லோருடைய கையெழுத்தும் தெரியும். ஆங்கிலத்தில் எழுதினால் பிழையை வைத்தே யார் என்று சொல்லிவிடலாம். தமிழில் எழுதினால் தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். நிக்கோபாரி மாணவர் ஒருவரே என்றால், 'என்னை இனத்தைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள்' என்று எழுதுவதும் கீழே கையெழுத்துப் போடுவதும் ஒன்றுதான்.

குழுக்களின் கதையும் அப்படித்தான். 2012இல் வந்த சமத்துவ விதிகள், பாகுபாடு பற்றிய புகாரை விசாரிக்கும் அலுவலர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்றன. 2015ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிகள் உள்ளகக் குழுவுக்கு மூத்த பெண் ஆசிரியர் தலைமை வேண்டும், பாதிப்பேர் பெண்கள் வேண்டும், வெளி உறுப்பினர் வேண்டும், துறைத் தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்கள் இருக்கக் கூடாது என்றன. ஒவ்வொன்றும் நியாயமான நிபந்தனை. ஆனால் மூத்த ஆசிரியர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய வளாகத்தில், அதே மூன்று பேர் ராகிங் குழுவிலும் சமத்துவப் பிரிவிலும் உள்ளகக் குழுவிலும் உட்கார்ந்திருப்பார்கள். யாரைப் பற்றிப் புகாரோ அவருடைய நெருங்கிய சகாவிடம்தான் புகார் போகும். வெளி உறுப்பினரும் அதே ஊர்க்காரர். போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் எல்லோரும் எல்லோரையும் சந்திப்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் இது நடக்கும். ஊர் சிறிது என்பதே போதும்.

அடுத்தது தூரம். பல்கலைக்கழகத்தின் தலைமை புதுச்சேரியின் காலாப்பட்டில். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். கப்பலென்றால் கிட்டத்தட்ட மூன்று நாள். மேல்முறையீடு என்பது அங்கே ஒரு மின்னஞ்சல் முகவரி. தீவுகளுக்குள்ளேயும் தூரம் உண்டு. பெரிய நிக்கோபாரின் காம்ப்பெல் பே போர்ட் பிளேரிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். மதுரையில் படிக்கும் பையனுக்கு ஹாஸ்டலில் மனசு ஒடிந்தால் வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறிவிடுவான். ஞாயிறு மாலை அம்மா கட்டிக் கொடுத்த சோற்றோடு திரும்புவான். காம்ப்பெல் பே பெண்ணுக்குக் கப்பல் தேதிதான் வார இறுதி. கப்பல் வரும்வரை அந்த ஹாஸ்டல் அறையும் அந்த அறையில் உள்ளவர்களுமே அவளுக்கு உலகம். அவர்களில் ஒருவரைப் பற்றிப் புகார் எழுத என்ன துணிச்சல் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அளவுகோல் இங்கேதான் உடைகிறது: 'முடியாது' என்று சொல்லிவிட்டு மறுநாள் இருக்க அவளுக்கு வேறு இடமில்லை.

2009 விதிகளில் ஒரு பகுதி சிறிய வளாகத்தில் தீங்கே செய்யும் என்பது என் முடிவு. குற்றம் செய்தவர் யார் என்று தெரியாவிட்டால் கூட்டுத் தண்டனை தர வேண்டும் என்கிறது அது. இருபது பேர் உள்ள இடத்தில் கூட்டுத் தண்டனை என்றால், பத்தொன்பது பேரைப் புகார் சொன்னவருக்கு எதிராகத் திருப்பிவிடுவது. அந்த விதியைப் பற்றித் தெரிந்த ஒரு மாணவி வாய் திறக்கவே மாட்டாள்.

ஆராய்ச்சி மாணவர்களின் நிலை இதைவிட நுட்பமானது. கைடு என்பவர் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருவருடைய உதவித்தொகை, கள ஆய்வு அனுமதி, ஆய்வேடு எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுபவர். கடல் உயிரியல் போன்ற துறையில் படகும் முக்குளிப்புக் கருவியும்கூட அவர் மனம் வைத்தால்தான். நாட்டில் அந்தத் துறை அறிந்தவர்கள் சிறு வட்டம். கைடை மாற்றினால் செய்தி வேலைக்கான நேர்காணல் வரை முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். இங்கே ராகிங் சட்டம் பேசாது. கைடு அடிப்பதில்லை, திட்டுவதுகூட இல்லை. வீட்டுக்கு மீன் வாங்கி வரச் சொல்வார். பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரச் சொல்வார். 'தாமே விரும்பிச் செய்யமாட்டாத ஒன்று' என்ற 1997 சட்டத்தின் சொல் ஆசிரியருக்கும் பொருந்த வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

2016இல் ஹைதராபாத்தில் ஒரு தலித் ஆராய்ச்சி மாணவரும் 2019இல் மும்பையில் ஒரு பழங்குடி மருத்துவ மாணவியும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய தாய்மார்கள் இருவரும் 2019இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். அவர்கள் கேட்டது புதிய சட்டம்கூட இல்லை. பாகுபாட்டுக்கு எதிரான 2012 விதிகள் காகிதத்தில் இருக்கின்றன, அவற்றை நடத்திக் காட்டுங்கள் என்றார்கள்.

இதுவரை நான் சொன்ன விதிகளில் பெரும்பாலானவை மாணவரையும் ஆசிரியரையும் பார்க்கின்றன. வளாகத்தில் இவர்களைத் தவிர இன்னொரு கூட்டம் இருக்கிறது: துப்புரவு, காவல், மெஸ். பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்கள். நான் படித்த விடுதியின் மெஸ்ஸில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் சாப்பாடு பரிமாறினார். பதினெட்டு வயதுப் பையன்கள் நாங்கள் அவரைப் பெயர் சொல்லி, ஒருமையில், 'இங்க வா' என்று கூப்பிட்டோம். அவர் எங்களைச் 'சார்' என்றார். எந்த ஆசிரியரும் எங்களைத் திருத்தவில்லை. அவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சீனியர்கள் எங்களை 'டா' போட்டு நடத்தியதைப் பற்றி நள்ளிரவு வரை கொதித்துப் பேசியவர்கள் நாங்கள். அதே இரவில் அவரிடம் போட்ட 'டா' எங்கள் காதில் விழவே இல்லை. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கொதிப்பைவிட இந்தக் கேளாமைதான் என்னை உறுத்துகிறது. ராகிங் அங்கேதான் தொடங்குகிறது என்று இன்று நினைக்கிறேன்: மேலே இருந்து வாங்கியதைக் கீழே கொடுக்க ஒருவர் எப்போதும் கிடைக்கிறார்.

சிறிய வளாகத்துக்கென்று தனி வழி யோசிக்க முடியாதா? முடியும், பெரிய செலவும் இல்லை. அந்தமானில் எழும் புகாரைக் காலாப்பட்டுக் குழு காணொளியில் விசாரிக்கட்டும், காலாப்பட்டுத் துறைகளுக்கு அந்தமான் ஆசிரியர்கள் விசாரிக்கட்டும். கைடோடு ஒத்துப்போகாதவருக்கு, காரணம் சொல்லாமல் ஒருமுறை மாற்றிக்கொள்ளும் உரிமை இருக்கட்டும். புகார் தந்தவர் கப்பல் வரும்வரை தங்க வளாகத்துக்கு வெளியே ஒரு அறையை நிர்வாகம் தன் செலவில் வைத்திருக்கட்டும். கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தெரியலாம். ஆனால் அந்த அறை இருக்கிறது என்று தெரிந்தாலே, காம்ப்பெல் பே பெண்ணால் 'முடியாது' என்று சொல்ல முடியும்.

பதினைந்து நாளுக்கொருமுறை வரும் அந்தத் தாளையும் மாற்றலாம். கையால் எதுவும் எழுத வேண்டாம். கட்டங்களில் குறியிட்டால் போதும். எல்லாத் துறைகளின், எல்லா ஆண்டுகளின் தாள்களும் ஒரே உறையில் கலந்து, ஒட்டி, பிரிக்காமல் கடல் கடந்து போகட்டும். இந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு, நிக்கோபாரி என்று கேள்விகள் இருக்கட்டும். முதல் கேள்வி இதுவாக இருக்கலாம்: இந்த இரண்டு வாரத்தில் உங்களை யாராவது உங்கள் பெயரைத் தவிர வேறு எதையாவது சொல்லிக் கூப்பிட்டார்களா? தாளை வாங்கி நிரப்புபவர்களின் வரிசையில் முதலாண்டு மாணவருக்குப் பின்னால் ஆராய்ச்சி மாணவரும், அவருக்குப் பின்னால் வாட்ச்மேனும், கூட்டிப் பெருக்கும் அக்காவும், மெஸ்ஸில் பரிமாறுபவரும் நிற்கட்டும். அவர்களில் வாசிக்கத் தெரியாதவர் இருந்தால் அந்த வளாகத்தில் வேலை பார்க்காத ஒருவர் உட்கார்ந்து, அவர் மொழியில், ஒவ்வொரு கேள்வியாக வாசித்துக் காட்டட்டும்.